சிறுதொழிலுக்கு யார் துணை?

திருப்பூரில் ஒரு டி-சர்ட் பெட்டிக்குள் போவதற்கு முன் பல முதலாளிகளின் கைமாறிவிடும். நூல் வாங்குபவர் ஒருவர். அதை நிட்டிங் எந்திரத்தில் துணியாக்கித் தருபவர் இன்னொருவர். துணி அங்கிருந்து சாயப்பட்டறைக்குப் போகிறது. பிறகு காம்பாக்டிங்குக்குப் போய் அகலமும் சுருக்கமும் சரிசெய்யப்படுகிறது. வெட்டிய துண்டுகளுக்குப் பிரிண்டிங் ஓரிடத்தில், எம்ப்ராய்டரி வேறிடத்தில். தையலை 'பவர் டேபிள்' என்று ஊரார் சொல்லும் சிறு யூனிட்டுகள் எடுத்துச் செய்கின்றன. காஜா போட்டுப் பட்டன் வைப்பதற்கென்றே தனி ஆட்கள். கடைசியில் பிசிறு வெட்டி, செக்கிங் முடித்து, அயர்ன் போட்டு அடுக்குகிறார்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டெலிவரி சலான், ஒரு பில், ஒரு கடன் தவணை உண்டு.

எல்லா வேலையையும் ஒரே வளாகத்துக்குள் செய்யும் பெரிய ஆலைகளும் அங்கே இருக்கின்றன. ஆனால் அந்த நகரத்தை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் தனியாக ஒரு பனியனைக்கூட முழுதாகச் செய்து முடிக்க முடியாத சிறுமுதலாளிகள். அவர்களுடைய ஊர் 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்தது.

சிறுதொழில் எதனால் நிற்கிறது என்று கேட்டால் முதல், திறமை, சந்தை என்று மூன்றைச் சொல்வோம். இந்த மூன்றையும் ஒருவருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது உறவு. முதல் ஒருவர் நம்பித் தருவதால் வருகிறது. திறமை ஒருவர் காட்டிக்கொடுப்பதால் வருகிறது. சந்தை ஒருவர் கைகாட்டுவதால் வருகிறது. அப்படியானால் எந்த உறவு சிறுதொழிலைத் தாங்குகிறது? பிறப்போடு வருவதா, நாமே கட்டிக்கொள்வதா? பிறப்போடு வரும் சுற்றம் தொழிலைத் தொடங்கி வைக்கிறது; வேலையில் சம்பாதித்த நம்பிக்கையும், வெளியாருக்கும் கதவு திறந்திருக்கும் கூட்டமைப்பும்தான் அதை நிலைநிறுத்துகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சான்றுகள் திருப்பூரிலும் உண்டு, அகமதாபாத்திலும் சீனாவிலும் உண்டு.

ஷேடு மாறிய துணி

துணை என்பது நடைமுறையில் என்ன என்பதை ஒரு சிறு சிக்கலை வைத்துப் பார்க்கலாம். சாயப்பட்டறையிலிருந்து 300 கிலோ துணி திரும்பி வருகிறது. வெளிநாட்டு வாங்குநர் ஒப்புதல் தந்த மாதிரித் துண்டோடு ஒப்பிட்டால் நிறம் ஒரு சாயல் தள்ளி நிற்கிறது. கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. தவறு யாருடையது? சாயம் ஏற்றியவர் நூலைக் குறை சொல்லலாம். நூல் கொடுத்தவர் தண்ணீரைக் குறை சொல்லலாம். துணிக்குச் சொந்தக்காரர் ஒரு டெபிட் நோட்டைப் போட்டுப் பில் தொகையில் கழித்துக்கொள்ளலாம். முன்பின் அறியாதவர்கள் என்றால் கதை அங்கேயே முடியும்: ஒருவருக்கு நஷ்டம், இருவருக்கும் பகை.

பல ஆண்டு பழகிய இருவர் இதை வேறு விதமாகத் தீர்ப்பார்கள். பட்டறைக்காரர் இரவோடு இரவாக மறுசாயம் போட்டுத் தருவார். கெமிக்கல் செலவைத் தானே ஏற்பார். அடுத்த சீசனில் அவருடைய பாய்லர் பழுதாகி மூன்று நாள் தாமதமானால், மற்றவர் துணியை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்கு ஓட மாட்டார். இது தர்மம் இல்லை. ஒரு பில்லில் முடியாத கணக்கை இருவரும் பல சீசன்களுக்கு விரித்துப் போட்டு நேர்செய்கிறார்கள். இப்படிப்பட்ட நாலைந்து கணக்குகள் ஒருவருக்கு இருந்தால் அவருடைய தொழில் ஒரு மோசமான மாதத்தைத் தாண்டிவிடும். அவை இல்லாதவருக்கு ஒரே ஒரு ஷேடு மாற்றம் போதும், கடை மூட.

ஒரே தொழில் ஓரிடத்தில் குவியும்போது இத்தகைய உறவுகள் தாமாக முளைப்பதை ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலிலேயே விளக்கினார். தேர்ந்த ஆட்கள், உதிரிப் பொருள் தருபவர்கள், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் தொழில்நுணுக்கம் ஆகிய மூன்றும் அக்கம்பக்கத்தில் இருப்பதால் கிடைக்கும் லாபங்கள் என்றார். எந்திரத்தில் ஊசி உடைந்தால் பக்கத்து யூனிட்டில் கடன் வாங்கலாம். புதிய வகைத் துணி எந்தப் பட்டறையில் நன்றாக வருகிறது என்பதை டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சிறியவருக்கு ஆய்வுத்துறையும் கொள்முதல் துறையும் கிடையாது. ஊரே அவருக்கு அந்தத் துறைகளாக இருக்கிறது.

பங்காளிகளின் ஊர்

திருப்பூரின் உறவுமுறையை மிக நெருக்கமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் புவியியலாளர் சரத் சாரி. 2004இல் வெளிவந்த அவருடைய நூல், உழவர் குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்பதைப் பின்தொடர்கிறது. அவர் காட்டும் பாதை சுருக்கமாக இதுதான். கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்து இளைஞர்கள் கம்பெனியில் வேலை கற்றார்கள். கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் நிலத்துப் பணம், சொந்தபந்தத்தில் கைமாற்று என்று திரட்டிக் கூட்டாகச் சேர்ந்து சில எந்திரங்களைப் போட்டார்கள். பழைய முதலாளியிடமிருந்தே ஜாப் ஒர்க் கிடைத்தது. கூட்டு சில ஆண்டுகள் ஓடும். ஆளுக்கொரு கம்பெனியாகப் பிரியும். பிரிந்தவர்கள் மீண்டும் ஒருவருக்கொருவர் வேலை கொடுப்பார்கள். தங்கள் உயர்வுக்குக் காரணம் கேட்டால் அவர்கள் சொன்ன சொல் 'உழைப்பு'. அது பொய்யில்லை. ஆனால் அதே அளவு உழைத்த தலித் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் அந்தப் பாதை ஏன் திறக்கவில்லை என்ற கேள்வியையும் சாரி எழுப்புகிறார். உழைப்போடு உறவும் சேர்ந்த இடத்தில்தான் தொழிலாளி முதலாளியானார்.

அதே 2004இல் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் ஏற்றுமதியாளர்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பானர்ஜி 2019இல் நோபல் பரிசு பெற்றவர். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்து ஏற்றுமதியாளர்களையும், வெளியூரிலிருந்து வந்து தொழில் தொடங்கிய மற்றவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் கூடுதல் முதலீட்டோடு தொடங்குகிறார்கள். அனுபவம் ஏறிய பிறகும் எந்திரத்திலும் கட்டடத்திலும் அவர்கள் போட்டிருக்கும் முதலே அதிகம். வெளியார் குறைந்த முதலோடும் குறைந்த ஏற்றுமதியோடும் தொடங்கினாலும் வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் உள்ளூர்க்காரர்களை முந்திவிடுகிறார்கள்.

இதன் பொருள் ஆழமானது. பணம் திறமையைத் தேடிப் போகவில்லை. நம்பிக்கை இருக்கும் இடத்துக்குப் போனது. நிலத்தில் சேர்ந்த பணத்தைப் போட வேறு வழி அதிகம் இல்லாத ஒரு சமூகம் அதைத் தன் பிள்ளைகளின் கம்பெனிகளில் போட்டது. அதனால் ஒரு நகரமே எழுந்தது என்பது உண்மை. அதே வேளையில், இன்னும் நன்றாகத் தொழில் செய்யக்கூடிய ஒருவர் அறிமுகம் இல்லாத காரணத்தால் சிறிய எந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. சுற்றம் உள்ளே இருப்பவரைத் தாங்கும் அளவுக்கு வெளியே இருப்பவரைத் தடுக்கவும் செய்கிறது. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டுத் தொழில் உறவுகளைப் புகழ்வது நேர்மையாகாது.

தமிழகத்துச் சிறுநகரங்களில், குறிப்பாக ஆரணியில், பல பத்தாண்டுகள் களஆய்வு செய்த பார்பரா ஹாரிஸ்-வைட்டும் இதையே வேறு கோணத்தில் எழுதினார். இந்தியாவின் சிறுவணிகத்தை ஒழுங்குபடுத்துவது அரசின் சட்டத்தைவிடச் சாதி, குடும்பம், பாலினம் ஆகியவையே என்பது அவர் முடிவு. தலித் தொழில்முனைவோர் தங்களுக்கென ஓர் இந்தியத் தொழில் வர்த்தக சபையை 2005இல் புணேயில் தொடங்கியதன் நியாயம் இங்கே விளங்கும். மத்திய அரசின் கொள்முதலில் 25 விழுக்காடு குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும். அதில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும் 3 விழுக்காடு பெண்கள் நடத்துபவற்றுக்கும் என்று விதி இருக்கிறது. விதி இருப்பது ஒன்று. டெண்டர் வரப்போவதை முன்கூட்டி அறிவதும், மாதிரி எப்படிக் கொடுக்க வேண்டும் என்று கேட்க ஆள் இருப்பதும், ஆர்டர் வந்ததும் நூலைக் கடனுக்குத் தர ஒருவர் இருப்பதும் வேறொன்று. இரண்டாவது இல்லாதவருக்கு முதலாவது ஏட்டில்தான் இருக்கும்.

மாதம் ஒருமுறை கூடிய பத்துப் பேர்

பிறப்பால் கிடைக்காத உறவை வளர்ந்த பிறகு உண்டாக்க முடியுமா? முடியும் என்பதற்கு இன்று உறுதியான சான்று இருக்கிறது. சீனாவின் நான்சாங் நகரில் ஜிங் சாய், ஆடம் ஸைடல் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு பெரிய சோதனை நடத்தி, அதன் முடிவுகளை 2018இல் வெளியிட்டார்கள். தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன 2,820 நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பகுதியைப் பத்துப் பேர் அளவிலான சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். குழுவினர் மாதம் ஒருமுறை, ஓராண்டுக்கு, ஒருவர் தொழிலிடத்துக்கு மற்றவர்கள் போய்ப் பார்த்துப் பேசினார்கள். மானியம் கிடையாது, எந்திரம் கிடையாது. மற்ற பகுதிக்கு இந்தச் சந்திப்புகளும் கிடையாது.

சந்தித்தவர்களின் விற்பனை மற்றவர்களைவிட 8.1 விழுக்காடு கூடியது. லாபமும், தொழில் கூட்டாளிகளின் எண்ணிக்கையும், வாங்கிய கடனும், நிர்வாகத் திறனும் உயர்ந்தன. சந்திப்புகள் நின்ற பிறகு ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது. தம்மைவிடத் தேர்ந்தவர்கள் இருந்த குழுவில் விழுந்தவர்கள் கூடுதலாக வளர்ந்தார்கள். இன்னும் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியம். ஒன்று: நேரடிப் போட்டி இல்லாதவர்களோடு இருந்தபோது முதலாளிகள் தங்களுக்குக் கிடைத்த தகவலைத் தாராளமாகப் பகிர்ந்தார்கள். இரண்டு: ஒருமுறை மட்டும் நடந்த பெரிய கூட்டங்களைவிட, திரும்பத் திரும்பச் சந்தித்த சிறு குழுக்களில்தான் புதிய வியாபார உறவுகள் பிறந்தன. விசிட்டிங் கார்டுகளை அள்ளிக்கொண்டு வரும் ஒருநாள் மாநாடு தராததை மாதம் ஒருமுறை கூடும் பத்துப் பேர் தந்தார்கள்.

பெண்களைப் பொறுத்தவரை இன்னும் நுட்பமான ஒரு சோதனை அகமதாபாத்தில் நடந்தது. எலா பட் 1972இல் தொடங்கிய சேவா அமைப்பின் வங்கியில் கணக்கு வைத்திருந்த, சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி தரப்பட்டது. சிலரைத் தனியாக வரச் சொன்னார்கள். வேறு சிலரை ஒரு தோழியையும் கூட்டி வரச் சொன்னார்கள். பாடம் ஒன்றேதான். 2016இல் வெளியான முடிவுகளின்படி, தோழியோடு வந்தவர்கள் தொழிலுக்காகக் கூடுதலாகக் கடன் வாங்கினார்கள். சில மாதங்களில் அவர்கள் வீட்டு வருமானமும் கூடியிருந்தது. தனியாக வந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பெண்கள் வெளியே போவதற்குக் கட்டுப்பாடு அதிகம் இருந்த சமூகங்களில்தான் தோழியின் பலன் மிகுதியாகத் தெரிந்தது. கணக்கு எழுதுவதை யாரும் கற்றுக்கொடுத்துவிடலாம். 'நீ கேட்டால் நானும் கேட்பேன்' என்று பக்கத்தில் ஒருத்தி நிற்பதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க முடியாது. சென்னையில் ஜெயா அருணாச்சலம் 1978இல் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, தெருவோரம் வியாபாரம் செய்த பெண்களைச் சிறு குழுக்களாக்கி ஒருவர் கடனுக்கு மற்றவர்களை ஜாமீன் நிற்கவைத்தபோது, சேவாவைப் போலவே இந்தப் பலத்தை நம்பித்தான் இறங்கியது.

நெருங்கிய உறவு தராத ஒன்றை எட்டி நிற்கும் அறிமுகம் தரும் என்பதும் ஆய்வில் தேறிய உண்மை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை, பாஸ்டன் நகரின் புறநகர் ஒன்றில் புதிதாக வேலை மாறியவர்களிடம் எடுத்த தகவலைத் தருகிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 17 விழுக்காடு அளவே. மற்றவர்கள் எப்போதாவது சந்திப்பவர்கள், அரிதாகச் சந்திப்பவர்கள். காரணம் எளிது. தினமும் பழகுபவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். வேறு தெருவில், வேறு தொழிலில் இருப்பவரிடம்தான் புதிய செய்தி இருக்கும். ஆகவே நெருக்கடியில் பணம் தர நெருங்கியவர்கள் வேண்டும். அடுத்த ஆர்டர் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தூரத்துப் பழக்கம் வேண்டும். ஒன்றை மற்றொன்றால் ஈடுசெய்ய முடியாது.

சீட்டும் ஜாமீனும்

பணத்துக்கான துணை எப்படி இயங்குகிறது என்பதற்கு நம் ஊர் ஏலச் சீட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 பேர், 20 மாதம். சீட்டுத் தொகை 1 லட்சம். தீபாவளிச் சரக்கு எடுக்கப் பணம் வேண்டிய கடைக்காரர் 20,000 ரூபாய் தள்ளி ஏலம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கைக்கு 80,000 வரும். தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 15,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 750 ரூபாயாகப் பிரியும். அவசரமில்லாதவருக்கு அது வட்டி. அவசரப்பட்டவருக்கு அது கடன் செலவு. வங்கி மேலாளர் கேட்கும் மூன்று ஆண்டுக் கணக்கோ சொத்துப் பத்திரமோ இங்கே முதன்மையில்லை. கடை தினமும் திறக்கிறதா, ஆள் நாணயமானவரா என்பது சீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். எடுத்த பிறகு கட்டாமல் போனால் ஜாமீன்தாரர் முகத்தில் விழிக்க முடியாது.

ஆனால் முகத்தாட்சண்யம் மட்டும் போதாது என்பதற்கும் சீட்டே சான்று. பணத்தோடு ஓடிப்போன சீட்டுக்காரர்களால் நொடித்த குடும்பங்கள் தமிழகத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அதனால்தான் 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்டு சட்டம் பதிவையும், நடத்துபவர் கட்ட வேண்டிய பிணைத் தொகையையும், கமிஷனுக்கு உச்சவரம்பையும் வைத்தது. அந்த வரம்பு 2019இல் 5 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. நம்பிக்கைக்குப் பின்னால் எழுதப்பட்ட விதி ஒன்று நிற்கும்போதுதான் அந்நியரும் அதில் துணிந்து சேர முடிகிறது. பதிவில்லாத சீட்டில் சேர்பவருக்கு நடத்துபவரின் நல்ல குணம் ஒன்றே பாதுகாப்பு.

வராத பாக்கி

சிறுமுதலாளியின் தூக்கத்தைக் கெடுப்பது வேலை இல்லாத நாள் மட்டும் இல்லை. வேலை முடித்துக் கொடுத்த பிறகும் வராத பாக்கியும்தான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இதற்குத் தெளிவான விடை சொல்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும். முறையிட மாநில அளவில் மன்றம் இருக்கிறது. 2017 முதல் இணையத்திலேயே புகார் பதியலாம்.

இருந்தும் பெரும்பாலோர் முறையிடுவதில்லை. ஏன் என்பதை 1963இலேயே சட்ட அறிஞர் ஸ்டூவர்ட் மக்காலே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தொழிலதிபர்களிடம் பேசிக் கண்டறிந்தார். அவர்கள் ஒப்பந்தத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் பேச்சிலேயே சிக்கலைத் தீர்த்துக்கொண்டார்கள். வழக்குப் போட்டால் உறவு முறியும் என்று அஞ்சினார்கள். நம் பவர் டேபிள்காரரின் நிலை இன்னும் இக்கட்டு. அவருக்கு வேலை தருவது இரண்டு மூன்று கம்பெனிகள். அதில் ஒன்றின் மேல் புகார் எழுதினால் அடுத்த மாதம் எந்திரம் சும்மா கிடக்கும். வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) பிரிவு, காலத்தில் தராத பாக்கியை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது என்று வாங்குபவரை நெருக்கியது. அப்போதும், பதிவு பெற்ற சிறியவர்களைத் தவிர்த்துவிட்டு வேறிடத்தில் வாங்கிக்கொள்வார்களோ என்ற அச்சக் குரல் சிறுதொழில் வட்டாரங்களிலிருந்தே எழுந்தது.

தனியாக நிற்பவருக்குச் சட்டம் தரும் உரிமையைப் பயன்படுத்தத் துணிச்சல் வராது. இங்கேதான் சங்கத்தின் வேலை தொடங்குகிறது. 'எங்கள் உறுப்பினர்களுக்கு இத்தனை நாளாகப் பாக்கி' என்று சங்கம் பேசும்போது எந்த ஒருவரும் தனித்துக் குறிவைக்கப்படுவதில்லை. தையல் கூலியை யூனிட்டுக்கு யூனிட் அடித்துக் குறைக்கும் போக்கைத் தடுப்பதும் கூட்டுப் பேச்சுவார்த்தைதான். பில்லை மின்தளத்தில் ஏற்றி, வாங்குநர் ஒப்புக்கொண்டதும் வங்கிகள் போட்டியிட்டுக் கழிவுக்கு எடுத்துப் பணம் தரும் டிரெட்ஸ் முறையும் இப்போது இருக்கிறது. ஆண்டு விற்பனை 250 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகள் அதில் சேர்ந்தாக வேண்டும். அதில் எப்படிப் பதிவு செய்வது என்று கையைப் பிடித்துச் சொல்லித்தரவும் சங்கத்தால் முடியும்.

நொய்யல் கேட்ட கேள்வி

கூட்டமைப்பின் பலத்தையும் குறையையும் ஒருசேரக் காட்டுவது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் வரலாறு. தென்னிந்தியப் பனியன் உற்பத்தியாளர் சங்கம் 1956இலும், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990இலும் தொடங்கப்பட்டவை. சாலை, தண்ணீர், தொழிற்பூங்கா, பயிற்சிக் கல்லூரி என்று நகராட்சியும் அரசும் செய்யத் தாமதித்த பலவற்றை முன்னெடுத்தவை இத்தகைய சங்கங்கள். ஆனால் அதே ஆண்டுகளில் பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமானது. கீழ்மடை விவசாயிகளின் கிணறு உப்பேறியது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். முதலாளிகளின் வட்டம் எவ்வளவு நெருக்கமாக இருந்ததோ அவ்வளவுக்கு வெளியே இருந்த உழவரின் குரல் அதற்குள் நுழைய முடியாமலும் இருந்தது. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயம் நின்றதும் நிட்டிங்கும் தையலும் தடுமாறின. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள்.

மீண்ட வழியும் கூட்டு வழிதான். ஒரு சிறு பட்டறை தனியாகச் சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கியும் போட்டுக் கழிவை முழுதாக மீட்க முடியாது. பல பட்டறைகள் பங்குதாரர்களாகச் சேர்ந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், மாநில அரசின் வட்டியில்லாக் கடனோடு, ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறின. ஒவ்வொரு பட்டறையும் எவ்வளவு அனுப்பலாம் என்று அளவு வைத்து, விட்ட தண்ணீருக்குக் கட்டணம் வைத்தார்கள். உறவின் பலத்தால் மட்டும் சாதிக்க முடியாததை அளவும் விதியும் சேர்ந்த கூட்டு சாதித்தது. உறுப்பினரின் தவறை மூடி மறைக்கும் சங்கம் கடைசியில் உறுப்பினரையே மூழ்கடிக்கும் என்பது திருப்பூர் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

கட்டுவது எப்படி

இவற்றிலிருந்து புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவர், குறிப்பாக ஊரிலும் சாதியிலும் பின்பலம் இல்லாத ஒருவர், எடுத்துக்கொள்ள வேண்டியவை சில.

முதலில், தன் துணைகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பணமுடையில் யார்? எந்திரம் நின்றால் வேலையை முடித்துத்தர யார்? புதிய ஆர்டர் செய்தி யாரிடமிருந்து? மனம் சோர்ந்தால் யாரிடம் பேசுவது? நான்கு கேள்விக்கும் ஒரே பெயர் வந்தால் அது ஆபத்து. பெரும்பாலும் அந்தப் பெயர் மைத்துனராகவோ பெரிய வாடிக்கையாளராகவோ இருக்கும். அவர் ஒருவரோடு மனக்கசப்பு வந்தால் நான்கும் ஒரே நாளில் போய்விடும். கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. கடனைப் பற்றி வீட்டிலும் சொல்ல முடியாமல், தொழிலாளியிடமும் காட்ட முடியாமல் தனக்குள் வைத்துப் புழுங்குவது சிறுமுதலாளிகளுக்கு நேரும் பெருந்துன்பம். அதே நிலையில் இருக்கும் இன்னொரு முதலாளிக்குத்தான் அது சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது, நாணயத்தைச் சிறு தொகைகளில் கட்ட வேண்டும். நூல் கடைக்கோ லேபிள் கடைக்கோ சொன்ன தேதியில் பணம் போய்விட்டால் பெயர் எழும். தர முடியாத மாதம் வந்தால் தேதிக்கு முன்பே போய்ச் சொல்ல வேண்டும். போனை எடுக்காமல் இருப்பவரைத்தான் ஊர் ஒதுக்குகிறது. நேரில் வந்து பத்து நாள் தவணை கேட்பவரை ஒதுக்குவதில்லை.

மூன்றாவது, வெவ்வேறு தொழில் செய்யும் எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்து மாதம் ஒருமுறை ஒருவர் பட்டறையில் கூட வேண்டும். பேச்சுக்கு ஒரு பொருள் முன்பே குறித்திருக்க வேண்டும்: இந்த மாதம் மின்கட்டணம், அடுத்த மாதம் ஜிஎஸ்டி, பிறகு ஆள் பற்றாக்குறை. குழுவில் ஒருவராவது நம்மைவிட நன்றாகத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். ஒருவராவது நம் சமூகத்தையும் நம் தெருவையும் சேராதவராக இருக்க வேண்டும். பெண்கள் சேரும்படி நேரமும் இடமும் அமைய வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ஓட்டலில் கூடும் சங்கத்தில் அவர்களுக்கு நாற்காலி போட்டும் பயனில்லை.

நான்காவது, சங்கத்தில் சந்தா கட்டுவதோடு நிற்காமல் ஒரு பொறுப்பை எடுத்துச் செய்ய வேண்டும். பாக்கி விவகாரக் குழுவோ பயிற்சி வகுப்போ எதுவானாலும் சரி. பிறருக்காக அலைந்தவரைத்தான் நெருக்கடி நாளில் பிறர் தேடி வருகிறார்கள். அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களின் மேல் 50 விழுக்காடு வரி விதித்தபோது, வட்டிச் சலுகையும் கடன் அவகாசமும் கேட்டு டெல்லி வரை போனவை ஏற்றுமதியாளர் சங்கங்கள்தான். தனியொரு பட்டறைக்காரருக்கு அந்தக் கதவைத் தட்டவும் வழியில்லை.

அரசின் பங்கைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தமிழக அரசு 2012இல் கொண்டுவந்த நீட்ஸ் திட்டமும், 2023இல் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காகக் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் முதலீட்டில் ஒரு பகுதியை மானியமாகத் தருகின்றன. பின்னதில் அது 35 விழுக்காடு. இவை தேவையானவை, இன்னும் பரவலாக வேண்டியவை. ஆனால் மானியத்தில் எந்திரம் வாங்கிய முதல் தலைமுறை முதலாளிக்கு, அந்த எந்திரத்துக்கு ஜாப் ஒர்க் தர ஆள் இல்லையென்றால் தவணை கட்ட முடியாது. மாவட்டத் தொழில் மையங்கள் மானியம் பெறும் ஒவ்வொருவரையும் பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவில் சேர்த்து, அதில் அனுபவமுள்ள உள்ளூர் முதலாளிகள் இருவரை அமர்த்தி, ஓராண்டுக்கு மாதச் சந்திப்பு நடத்தலாம். நான்சாங்கில் நடந்தது இதைப் போன்றதுதான்; இங்கே அதற்கு ஆகும் செலவு டீயும் போக்குவரத்தும் ஓர் ஒருங்கிணைப்பாளரின் சம்பளமும் என்ற அளவைப் பெரிதாகத் தாண்டாது. மூன்று தலைமுறைச் சுற்றம் உள்ளவருக்குத் தானாகக் கிடைக்கும் துணையை, சுற்றமில்லாதவருக்கு ஓராண்டில் தொடங்கி வைக்க இதைவிட மலிவான வழி இருப்பதாகத் தெரியவில்லை. கடனுக்கும் எந்திரத்துக்கும் திட்டம் தீட்டும் நாம் உறவுக்கும் திட்டம் தீட்ட வேண்டும். அதைச் செய்யாதவரை, சிறுதொழிலில் யார் முன்னேறுவார் என்பதைத் திறமைக்கு முன்பாகப் பிறப்பே தீர்மானித்துக்கொண்டிருக்கும்.